ஆச்சியின் கேள்வி: படிப்பு கெடாதா?

கேள்வி: பேத்தி படிக்கும் சின்னப் பள்ளியில் ஒரு வாரம் புத்தகத்தை மூடிவிட்டு கோலம், பனையோலைக் கூடையான கொட்டான், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் என்று கைவேலையாம். படிப்பு கெடாதா? - ஓர் ஆச்சி, காரைக்குடி

பதில்: கெடாது ஆச்சி. நான் வாத்தியாராக இருந்தபோது பிள்ளைகளை ஆத்தங்குடிப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிமேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. கட்டத்துக்கு ஒரு நிறமாக வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றி அச்சை மெல்லத் தூக்கினால், கோடு கலையாமல் நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக்கலவை. சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் கல் இறுகும். "நனைஞ்சா இளகாதா சார்?" என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டாளே, அன்றைய அறிவியல் பாடமே அதுதான். கொட்டான் முடைந்தால் எண்ணிக்கை தானே வரும். கோணினாலும் சரி, பேத்தியே முடையட்டும். கண்காட்சிக்காக டீச்சர் திருத்திக் கொடுக்கக் கூடாது. சிமெண்ட் வேலையன்று கையுறை கொடுத்தனுப்புங்கள்.