10 துளையா, 24 துளையா? மவுத் ஆர்கன் வாங்கும் முன்

கேள்வி: எனக்கு 27 வயது, ஊர் மதுரை. முறையாக இசை படித்ததில்லை. சினிமாப் பாட்டு மவுத் ஆர்கனில் வாசிக்க ஆசை. கடையில் 24 துளை உள்ள ஒன்றைக் காட்டினார்கள், சில நூறு ரூபாய்தான். பக்கத்திலேயே 10 துளை உள்ள சின்னது ஒன்று, அதற்குப் பல மடங்கு விலை. ஏன் அப்படி, எதை வாங்க? அப்பா பல வருடமாக 24 துளையில் வாசிக்கிறார். நன்றாகவே வாசிப்பார், ஆனால் சில பாட்டுகளில் பாதியில் நிறுத்தி "அந்த சுரம் இதில் இல்லப்பா" என்பார். அவருக்கும் நல்லதாக ஒன்று வாங்கித் தரணும். உறை, மைக் இதெல்லாம் கூடவே வாங்க வேண்டுமா?

பதில்: உங்கள் கேள்விக்கான பதிலில் பாதியை அப்பாவே சொல்லிவிட்டார். மவுத் ஆர்கன் வாங்கும்போது கம்பெனி, விலை, துளைக் கணக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, நீங்கள் வாசிக்க நினைக்கும் பாட்டில் வரும் சுரங்கள் அதில் இருக்கிறதா என்பதைத்தான்.

முதலில் துளைக் கணக்கு. கடையில் பார்த்த 24 துளை வகைக்கு ட்ரெமொலோ என்று பெயர். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு ரீட் (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய உலோக நாக்கு) இருக்கும், இரண்டையும் வேண்டுமென்றே துளி சுருதி வித்தியாசத்தோடு வைத்திருப்பார்கள், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு அலை எழும். அப்பா வாசிக்கும்போது காதில் விழும் அந்த நடுக்கம் அதுதான். மொத்தம் 48 ரீட் இருந்தாலும் ஒவ்வொரு துளையிலும் ஊதினால் மட்டும், அல்லது இழுத்தால் மட்டும் சத்தம் வரும்படி மாற்றி மாற்றி அமைத்திருப்பதால், 24 இடத்துக்கு 24 ஒலிதான். 10 துளை உள்ள டயடானிக்கில் ஒரே துளையில் ஊதினால் ஒரு சுரம், இழுத்தால் இன்னொன்று. ஆக அதில் 20 ரீட். எனவே 24 பெரியது, 10 சின்னது என்ற கணக்கு இங்கே செல்லாது. விலை வித்தியாசம் ரீட் எவ்வளவு துல்லியமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, காற்று கசியாமல் இருக்கிறதா என்பதில் வருகிறது. காற்று கசியும் மவுத் ஆர்கனில் புதிதாகப் பழகுகிறவர் மூச்சு வாங்கிப்போய், தனக்கு இது வராது என்று முடிவு கட்டிவிடுவார். நிறைய பேர் இப்படித்தான் விட்டிருக்கிறார்கள், எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

சரி, அப்பா சொன்ன "இல்லாத சுரம்" எது? சாதாரண ட்ரெமொலோ, டயடானிக் இரண்டுமே ஒரே ஒரு மேஜர் ஸ்கேலுக்குச் செய்யப்பட்டவை. சி கீ என்றால் நம் பேச்சில் 1 கட்டை, அதில் கிடைப்பது சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள், அவ்வளவுதான். இந்த ஏழை வைத்துக்கொண்டே வேறு இடத்திலிருந்து ஸ வைத்துத் தொடங்கினால் வேறு ராகங்களின் சுரங்கள் கிடைக்கும், கர்நாடக இசையில் கிரக பேதம் என்கிறார்களே, அதேதான். 2 கட்டையில் ஸ வைத்தால் கரகரப்பிரியா, 3 கட்டையில் தோடி, 4 கட்டையில் கல்யாணி, 5 கட்டையில் அரிகாம்போதி, 6 கட்டையில் நடபைரவி. மோகனம், மத்தியமாவதி, சுத்த சாவேரி, சுத்த தன்யாசி, இந்தோளம் எல்லாமும் இதே துளைகளுக்குள் அடங்கும். கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைக்கும் நெளிவு, முழுதாக வராது, தோடி மாதிரி ராகத்தில் அது பெரிய குறைதான், ஆனால் மெட்டு வரும். மாயாமாளவகௌளை? வராது. ஸரளி வரிசை கற்றுத்தரும் அந்த முதல் ராகத்தையே ஒரு சாதாரண சி மவுத் ஆர்கனில் வாசிக்க முடியாது. கீரவாணி வராது, சிம்மேந்திரமத்தியமம் வராது. நம் சினிமா மெட்டுகளோ ஒரு ராகத்துக்குள்ளேயே நிற்பதும் இல்லை, பல்லவி ஒழுங்காகப் போகும், சரணத்தில் ஒரே ஒரு அன்னிய சுரம் வந்து நிற்கும், அந்த இடத்தில்தான் அப்பாவும் நிற்கிறார்.

இதற்கு நேரான வழி குரோமாட்டிக். பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் எல்லா சுரமும் அரை சுரம் ஏறும். பியானோவின் வெள்ளைக் கட்டைகளோடு கறுப்புக் கட்டைகளும் கைக்கு வந்த மாதிரி. 12 துளையில் 48 ரீட், மூன்று ஸ்தாயி (ஸ முதல் மேல் ஸ வரை ஒரு ஸ்தாயி). 16 துளையில் 64 ரீட், கீழே இன்னொரு ஸ்தாயி கூடுதல். லேரி ஆட்லர், டூட்ஸ் தீல்மான்ஸ், ஸ்டீவி வொண்டர் எல்லாரும் இந்த வகையில் பெயர் வாங்கியவர்கள்.

உங்களுக்கு என் பரிந்துரை: சினிமாப் பாட்டுதான் குறி, விடாமல் பழகுவேன் என்ற உறுதியும் இருக்கிறது என்றால் நேராக 12 துளை குரோமாட்டிக், சி கீ. சுசூகி எஸ்சிஎக்ஸ்-48, ஹோனர் டிஸ்கவரி 48 இரண்டும் தொடங்க ஏற்றவை, இரண்டிலும் ரீட்களைத் தாங்கும் நடுச்சட்டம் பிளாஸ்டிக் என்பதால் ஈரத்தில் ஊறாது. சீனக் கம்பெனிகளில் ஈஸ்ட்டாப் விலை குறைவு, வாசிக்கும்படியாகவே இருக்கிறது. 16 துளை இப்போது வேண்டாம். அடி ஸ்தாயி ரீட்கள் நீளம், மெதுவாகத்தான் பேசும், புதியவருக்கு மூச்சைத் தின்றுவிடும், நம் மெட்டுகளில் அவ்வளவு கீழே போகும் தேவையும் குறைவு.

அவ்வளவு பணம் முதலிலேயே போட மனம் இல்லையென்றால் 10 துளை சி டயடானிக். ஹோனர் ஸ்பெஷல் 20, டோம்போ தயாரிக்கும் லீ ஆஸ்கர், இரண்டில் எது கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் இதில் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முழு ஸ்தாயி 4 முதல் 7 வரையுள்ள துளைகளில்தான். கீழ் ஸ்தாயியில் ம, த இரண்டும் இருக்காது, மேல் ஸ்தாயியில் நி இருக்காது. இன்னொன்று, 4, 5, 6 துளைகளில் முதலில் ஊதி அப்புறம் இழுத்தால் சுரம் ஏறும், 7இல் தலைகீழ், இழுத்தால் நி, ஊதினால் மேல் ஸ. இது தெரியாமல் கருவி பழுது என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அதேபோல 2ஆம் துளையை இழுத்தால் சத்தமே வராத மாதிரி இருக்கும், பெரும்பாலும் ரீட் சரியாகத்தான் இருக்கும், வாயை இறுக்கி அதிகமாக இழுப்பதால் சுரம் வளைந்து அடைபடுகிறது. தாடையைத் தளர்த்தி, கொட்டாவி விடுவதுபோல உள்வாயை அகலமாக வைத்து மெதுவாக மூச்சிழுங்கள், வந்துவிடும்.

டயடானிக்கின் உண்மையான அழகு இந்த வளைப்பில்தான் இருக்கிறது, பெண்டிங் என்பார்கள். ப்ளூஸ் இசை முழுக்க இதை வைத்துத்தான் நிற்கிறது, அதிலும் சி மவுத் ஆர்கனை எடுத்து ஜி ஸ்கேலில் வாசிப்பதுதான் அவர்கள் வழக்கம். இல்லாத அரை சுரங்களில் சிலவற்றை வளைத்தே எடுக்கலாம், ஆனால் சுருதி சுத்தமாக எடுக்க நீண்ட பயிற்சி வேண்டும். ப்ளூஸ், நாட்டுப்புற மெட்டு, கிதாரோடு பாடிக்கொண்டே வாசிப்பது, இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்குமானால் டயடானிக்கை விட்டு நகரவே வேண்டாம்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் கை, வாய் எல்லாம் ட்ரெமொலோவுக்குப் பழகியவை. அதில் ஊதும் துளையும் இழுக்கும் துளையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒவ்வொரு சுரத்துக்கும் வாய் நகர வேண்டும். குரோமாட்டிக்கில் அதே இடத்தில் நின்றுகொண்டு ஊதி இழுக்க வேண்டும், போதாததற்கு விரலில் பட்டன். பல வருடப் பழக்கத்தை மாற்றுவது சுலபம் இல்லை, தொடக்கத்தில் எரிச்சல் வரும், அந்த அலை ஒலியும் குரோமாட்டிக்கில் கிடையாது, அதை அவர் நிச்சயம் தேடுவார். அதனால் முதலில் அவரிடம் கேளுங்கள்: புதிதாக ஒன்றைக் கற்க விருப்பமா, அல்லது கையில் இருக்கும் வாசிப்பிலேயே அந்த விட்டுப்போன சுரங்கள் வேண்டுமா?

இரண்டாவதுதான் பதில் என்றால் ஒரு அருமையான வழி இருக்கிறது. சி ட்ரெமொலோவோடு சி ஷார்ப் ட்ரெமொலோ ஒன்றும் வாங்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து வாசிப்பது. அதாவது 1 கட்டையும் 1½ கட்டையும். ஜப்பான், தைவான், ஹாங்காங் பக்கமெல்லாம் ட்ரெமொலோ கலைஞர்கள் இப்படித்தான் பன்னிரண்டு சுரத்தையும் வாசிக்கிறார்கள். அரை சுரம் வரும் இடத்தில் உதடு மட்டும் மேலிருந்து கீழே தாவும், மூச்சும் திசையும் பழகியபடியே இருக்கும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும், இல்லையென்றால் துளை வரிசை ஒன்றோடொன்று பொருந்தாது, அலை வேகமும் வேறுபடும். டோம்போ, சுசூகி இரண்டிலும் தனித்தனிக் கீ கிடைக்கும். எனக்குக் கேட்டால் அப்பாவுக்கு இதைத்தான் வாங்கித் தருவேன்.

கடையில் சோதிக்கும்போது ஒவ்வொரு துளையையும் மெதுவாக ஊதியும் இழுத்தும் பாருங்கள், பலமாக ஊதினால் எந்த மட்டமான ரீட்டும் பேசிவிடும், மெல்லிய மூச்சில்தான் குணம் தெரியும். வாய் வைக்க விடமாட்டார்கள் என்றால் சோதிக்கும் துருத்தி இருக்கிறதா என்று கேளுங்கள். இணையத்தில் வாங்கினால் வாய் வைத்த பொருளைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை, முன்பே விசாரித்துவிடுங்கள். போனில் ட்யூனர் செயலி போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஏ சுரம் வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்கு இரண்டு மூன்று மேலே காட்டினால் பயப்பட வேண்டாம், வாசிக்கும்போது சுருதி சற்று இறங்கும் என்பதால் அப்படித்தான் வைப்பார்கள்.

துணைப்பொருள்களில் முதல் நாளே வேண்டியது ஒரு மெல்லிய பருத்தித் துணி மட்டும்தான். உறை கருவியோடு வரும். வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி, துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட வைத்துவிட்டு அப்புறம் உறையில் போடுங்கள். ஈரத்தோடு மூடி வைப்பதுதான் இதற்குப் பெரிய கேடு. சாப்பிட்டதும், டீ குடித்ததும் வாய் கொப்பளிக்காமல் எடுக்காதீர்கள், சர்க்கரை ரீட்டில் ஒட்டும். குரோமாட்டிக்கில் ரீட்மேல் மெல்லிய வால்வுகள் இருக்கும், ஏசி அறையில் குளிர்ந்த கருவியை அப்படியே ஊதினால் ஈரம் படிந்து அவை ஒட்டிக்கொண்டு சுரம் தாமதமாக வரும், படபடவென்று சத்தமும் வரும். சட்டைப்பையிலோ உள்ளங்கையிலோ சில நிமிடம் வைத்துச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள். மரச்சட்டம் உள்ள எதையும் தண்ணீரில் கழுவ வேண்டாம், ஊறி உப்பிவிடும்.

மைக்கை இப்போது மறந்துவிடுங்கள். மேடை ஏறும் நாள் வந்தால் பாடகர்கள் வைத்திருக்கும் ஷுர் எஸ்எம்58 போதும். கிதாரோடு வாசிக்க நினைத்தால் கழுத்தில் மாட்டும் ஹோல்டர் வாங்கலாம், 10 துளைக்குச் சரி, குரோமாட்டிக்கை அதில் மாட்டினால் பட்டனை அழுத்தக் கை இருக்காது.

கொஞ்ச நாள் போன பிறகு வரும் செலவுகள் வேறு. டயடானிக்கில் நிலைத்துவிட்டால், சி-க்கு அடுத்து ஏ, டி, ஜி என்று கீ சேர்த்துக்கொண்டே போகலாம், கூடப் பாடுகிறவரின் கட்டையைப் பார்த்து எதை முதலில் என்று முடிவு செய்யுங்கள். பலமாக வாசிப்பவர்களுக்கு 4, 5 துளைகளில் இழுக்கும் ரீட்கள்தான் பெரும்பாலும் முதலில் சுருதி இறங்கும். லீ ஆஸ்கரில் ரீட் தகட்டை மட்டும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம், அது நல்ல சிக்கனம். ரீட் செட்டை நீங்களே சுருதி சேர்க்க விரும்பினால், நல்ல சின்ன ஸ்க்ரூ டிரைவர், மெல்லிய அரம், ரீட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு மெல்லிய தகடு, இவ்வளவும் வேண்டும். ரீட்டின் நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், ஆணி அடித்திருக்கும் அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். ஒருமுறைக்கு அரத்தால் ஒன்றிரண்டு இழுப்பு, உடனே ட்யூனரில் பார்ப்பது, அப்படித்தான் செய்ய வேண்டும். இதை ஒரு மலிவான 10 துளையில் பழகுங்கள். அப்பாவின் ட்ரெமொலோவில் மட்டும் கை வைக்காதீர்கள், அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீட், ஒன்றைத் தொட்டாலும் அந்த அலையின் வேகம் மாறிவிடும்.