பேரணிக்குப் பணத்தைக் கரைக்காதீர்கள்

வணக்கம் சகோதரி. உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன்களின் பையில் புகையிலைப் பொட்டலம் சிக்கியது, ஊர் வியாபாரிகள் 40,000 ரூபாய் தர முன்வந்தது, அதில் புகையிலை எதிர்ப்புப் பேரணியும் கூட்டமும் நடத்த நினைப்பது, மேற்கொண்டு நிதிக்கு எங்கே போவது என்ற கேள்வி எல்லாம் படித்தேன்.

தயவுசெய்து பேரணி வேண்டாம். அழுகிய வாயைப் படம் காட்டிப் பயமுறுத்தும் ஒருநாள் கூட்டத்தால் எந்தப் பையனும் திருந்துவதில்லை. கூட்டாளி பொட்டலத்தை நீட்டும்போது முகம் முறியாமல் மறுப்பது எப்படி என்பதை நடித்துப் பார்த்துப் பழக வேண்டும்; அதுவும் வாரம் ஒரு வகுப்பாகப் பல மாதங்கள். வியாபாரிகளின் பணத்தை ஆசிரியர் பயிற்சிக்கும் பயிற்சித் தாள்களுக்கும் ஒதுக்குங்கள். ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் 'நவசேத்னா' பாடத்தொகுப்பு இதற்காகவே உருவானது. தலைமையாசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

கூடுதல் நிதிக்கு, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் தமிழக அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் இருக்கிறது. பக்கத்தில் பெரிய ஆலை இருந்தால் அங்கேயும் கேளுங்கள்: 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், கல்வியும் நோய்த்தடுப்பும் அந்தப் பட்டியலில் உள்ளன. வெறும் கோரிக்கை மனுவாகக் கொடுக்காமல், எந்த மாதம் எந்த வகுப்புக்கு என்ன செலவு என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்.

பைசா செலவில்லாத வேலையும் ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. சிறுவர்களுக்குக் கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுக் காவல் நிலையத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். பிடிபட்ட பையன்களைப் பள்ளியைவிட்டு நீக்க மட்டும் விடாதீர்கள். அவர்களுடைய பெற்றோருக்கு 14446 என்ற போதை மீட்பு இலவச உதவி எண்ணைச் சொல்லுங்கள்.