வெள்ளத்தில் வீணான கடைச் சரக்கு: யாரிடம் கேட்பது?

கேள்வி: விழுப்புரத்தில் வாடகைக் கட்டடத்தில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஃபெஞ்சல் புயல் மழையில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பொங்கல் வியாபாரத்துக்கு வாங்கிய சரக்கு பெரும்பாலும் வீணாகிவிட்டது. ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் கிடைத்தது. கடைக்கு எதுவும் கிடையாது என்கிறார் வி.ஏ.ஓ. வங்கியில் முத்ரா கடன் தவணையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அரசு மீது நஷ்டஈடு வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, இப்போதைக்கு வழக்கு வேண்டாம். வி.ஏ.ஓ. சொன்னது கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் விதிப்படி சரிதான். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கெல்லாம் பணம் தரலாம் என்று மத்திய அரசின் பட்டியல் ஒன்று இருக்கிறது. உயிரிழப்பு, வீடு, பயிர், ஆடுமாடு, மீனவர்களின் படகு, வலை எல்லாம் அதில் உண்டு. கைத்தறி, கைவினைத் தொழிலாளர்களின் கருவிகளுக்கும் மூலப்பொருளுக்கும்கூடச் சிறு தொகை உண்டு. கடைச் சரக்குக்கு இடமில்லை. நெய்கிறவருக்கு உதவி உண்டு, அந்தத் துணியை வாங்கி விற்கிறவருக்கு இல்லை என்பது நியாயமே இல்லை. இந்தப் பட்டியல் மாறியாக வேண்டும். ஆனால் உங்கள் ஒரு வழக்கால் அது மாறாது.

மாநில அரசு தனியாக ஏதாவது அறிவித்தால்தான் உண்டு. 2023 மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு சிறு வணிகர்களுக்குக் கூட்டுறவு வங்கிகள் வழியாகக் குறைந்த வட்டிக் கடன் அறிவித்தார்கள். அப்படி வந்தால் உங்கள் பெயர் விடுபடக் கூடாது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.

உங்கள் உண்மையான பிடிமானம் வங்கியில்தான் இருக்கிறது. இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களின் கடனை எப்படி மாற்றியமைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் விரிவான உத்தரவு போட்டது. தவணைக் காலத்தை நீட்டிக்கலாம், கொஞ்ச காலம் தவணையை நிறுத்திவைக்கலாம், தொழிலை மறுபடி தொடங்கப் புதுக் கடனும் தரலாம். ஆனால் புயலுக்கு முன்பே பாக்கி விழுந்த கடனுக்கு அந்த உத்தரவில் சலுகை இல்லை. அதனால் புயல் கரையைக் கடந்த 2024 நவம்பர் 30 வரை தவணை ஒழுங்காகக் கட்டியிருப்பதைக் காட்டும் பாஸ்புக் நகலோடு, மாற்றியமைக்கக் கோரி மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. பேரிடர் அறிவிப்பிலிருந்து 3 மாதத்துக்குள் இந்த வேலை முடிய வேண்டும் என்று அந்த உத்தரவு கெடு வைத்தது என்பதால் தள்ளிப் போடாதீர்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் இல்லை.

அப்புறம், கடன் கணக்கில் இன்சூரன்ஸ் பிரீமியம் என்று ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடைச் சரக்கு ஈடாக இருக்கும்போது வங்கியே பாலிசி எடுத்துவிட்டு, கடைக்காரருக்குச் சொல்லாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பாலிசி இருந்தால் உடனே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இழப்பை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை நனைந்த துணிகளை அப்புறப்படுத்த வேண்டாம். நாற்றம் தாங்காமல் அகற்றியே தீர வேண்டுமென்றால், முதலில் தேதியோடு போட்டோ, வீடியோ எடுத்து, பக்கத்துக் கடைக்காரர்களைச் சாட்சியாக வைத்துப் பட்டியல் எழுதுங்கள். பில்கள் நனைந்து போயிருந்தால் மொத்த வியாபாரியிடம் நகல் கேளுங்கள், அவர்களிடம் இருக்கும். கிடைக்கும் தொகை முதலில் கடனில்தான் வரவாகும், அதுவும் நிம்மதிதானே. கம்பெனி மறுத்தால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். தனிநபர் நடத்தும் கடைகளின் புகாரையும் அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். வக்கீல் தேவையில்லை.

மனுவிலும் சரக்குப் பட்டியலிலும் ஒரு சட்டைகூடக் கூட்டி எழுதாதீர்கள். அரசு உதவிக்காகத் தெரிந்தே பொய்க் கணக்குக் கொடுத்தால் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 52-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் உங்கள் கணக்கரிடமும் பேசிவிடுங்கள். அழிந்துபோன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டி, பிறகு உங்கள் வரியில் கழித்துக்கொண்ட ஜி.எஸ்.டி.யைத் திருப்பிக் கட்ட வேண்டும். இன்சூரன்ஸில் சரக்கின் மதிப்பைக் கணக்கிடும்போதே இந்தத் தொகையையும் சேர்த்துக் கேளுங்கள்.