பேஸ்காரரைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்

கேள்வி: நான் போகவிருக்கும் ஒரு ஜாஸ் கச்சேரியைப் பற்றி நண்பர்களின் சிற்றிதழுக்குக் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். இசை இலக்கணம் தெரியாது. குறிப்பெடுத்தால் இசை கைநழுவுகிறது. எடுக்காவிட்டால் மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: இலக்கணம் தெரியாதது பெரிய குறையில்லை. ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் போதும். பெரும்பாலான ஜாஸ் உருப்படிகளில் முதலில் எல்லாரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக சோலோ, அதாவது தன் கற்பனையில் தனி வாசிப்பு. கடைசியில் மெட்டு திரும்பி வரும். சோலோவில் மெட்டு மறைந்தாலும், அதைத் தாங்கிய கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) அதே வரிசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். பல பாடல்களில் ஒரு சுற்று 32 பார். ப்ளூஸ் என்ற பாடல் வகை என்றால் பெரும்பாலும் 12. பொதுவாக, ஒன்றிலிருந்து நான்குவரை ஒருமுறை எண்ணினால் ஒரு பார்.

இது தெரியாமல்தான் என் முதல் கட்டுரையில், "பாட்டையே மறந்து கற்பனையில் பறந்தார்கள்" என்று எழுதிவைத்தேன். அன்று பேஸ் என்ற தாழ்சுரத் தந்தி வாத்தியத்தை வாசித்த பேஸ்காரர் அதைப் படித்துவிட்டு, "நான் ஒரு பார்கூட மறக்கவில்லையே" என்றார். சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939-இல் பதிவுசெய்த 'பாடி அண்ட் சோல்' கேட்டுப் பாருங்கள். மூல மெட்டு தொடக்கத்தில் கொஞ்சம் தலைகாட்டுவதோடு சரி. சுற்று மட்டும் குலையாது.

போவதற்கு முன் காதைப் பழக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' (1959) போதும். சிறு முன்னுரைக்குப் பின் பேஸ் கேள்வி கேட்பதுபோல் வாசிக்க, மற்றவர்கள் இரண்டே தட்டில் பதில் சொல்வார்கள். 16 பார் ஒரே சுரவரிசை, அடுத்த 8 பார் அரைச்சுரம் மேலே, கடைசி 8 பார் பழைய இடம். அந்த ஏற்றம் காதில் விழத் தொடங்கினால், சோலோவின் நடுவிலும் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

அரங்கில் டிரம்ஸ்காரரின் கையும் பேஸ்காரரின் முகமும் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். சாக்ஸபோன் முழங்கும்போது எல்லாரும் அவரையே பார்ப்பார்கள்; நீங்கள் பின்னால் இருப்பவர்களைப் பாருங்கள். சோலோக்காரர் போட்ட தாளக்கட்டை டிரம்ஸ் திருப்பிச் சொல்கிறதா? பியானோ ஒதுங்கி வழிவிடுகிறதா? சில நேரம் நாலு பார் இவர், நாலு பார் டிரம்ஸ் என்று மாறி மாறிப் பேசுவார்கள். உங்கள் கட்டுரைக்கான சரக்கு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கைதட்டலைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒவ்வொரு சோலோ முடிந்ததும் தட்டுவது வழக்கம்தான். பேஸ் சோலோ வந்தால் மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். அந்தப் பாவத்தைச் செய்ய ஏற்கெனவே பலர் இருப்பார்கள்.

குறிப்பை உருப்படிகளுக்கு இடையில் எழுதுங்கள். 'மூன்றாவது, மெதுவானது, பிரஷ், பியானோ நின்றது' — இவ்வளவு போதும். (பிரஷ் என்பது குச்சிக்குப் பதிலாக டிரம்ஸை மென்மையாக வாசிக்க உதவும் தூரிகை.) வீடு திரும்பியதும் தூங்குவதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து விரித்து எழுதிவிடுங்கள். காலையில் பாதி போய்விடும்.

எழுதும்போது எல்லா உருப்படிகளையும் வரிசையாகச் சொல்ல வேண்டாம். உங்களை நிமிர வைத்த ஒரு கணத்தை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைச் சொல்லுங்கள். "ஆன்மாவை வருடியது" என்றால் யாருக்கும் எதுவும் கேட்காது. "டிரம்ஸ்காரர் குச்சிகளை வைத்துவிட்டு பிரஷ்களை எடுத்ததும் டிரம்பெட்டும் தணிந்தது" என்றால் கேட்கும்.

பாடல்களின் பெயரை மேடையில் சொல்லாமலே போவதும் உண்டு. இடைவேளையில் குழுவினரிடமே கேளுங்கள், சொல்வார்கள். அப்படியே கலைஞர்களின் பெயர்களையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளில் எளிதில் விடுபடுவது பேஸ்காரர் பெயர்தான். அதை முதலில் கேளுங்கள்.