விதிநூலில் எதை விடலாம்?

கேள்வி: கோடை விடுமுறையில் அக்கா பிள்ளைகளுக்கு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும், ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டைக் கற்றுத்தர விரும்புகிறேன், விதிநூலின் பருமனைக் கண்டதுமே எழுந்துவிடுகிறார்கள். எவற்றைக் குறைக்கலாம்?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாகக் குறைக்கலாம். 1974இல் வெளிவந்த இவ்விளையாட்டுக்கு, பாத்திரங்கள் வளரும் முதல் மூன்று நிலைகளை மட்டும் விளக்கும் தொடக்கநிலைப் பெட்டி 1977இலேயே வந்துவிட்டது. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிலும் அடிப்படை ஒன்றுதான்: இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணைக் கூட்டி, இலக்கை எட்டுகிறதா என்று பார்ப்பது. எளிய செயலுக்கு 10, நடுத்தரமானதற்கு 15, கடினமானதற்கு 20 என்று கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் நீங்கள் இலக்கு வைத்தால், பெரும்பாலான கட்டங்களை அதைக் கொண்டே கடந்துவிடலாம். சூழல் சாதகமாக இருந்தால் இருமுறை உருட்டிப் பெரிய எண்ணையும், பாதகமானால் சிறிய எண்ணையும் கொள்ளுங்கள். சில்லறைக் கூட்டல் கழித்தல்களைத் தவிர்க்கும் இவ்விதியைப் பிள்ளைகள் ரசிப்பார்கள்.

பாத்திரம் தூக்கிச் செல்லும் சுமையின் எடைக்கணக்கு, மந்திரத்துக்கான மூலப்பொருள்கள் ஆகியவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம். ஆனால், ஒரு நாளில் எத்தனை பெரிய மந்திரங்கள் என்னும் வரம்பில் மட்டும் கைவைக்காதீர்கள். அதை நீக்கினால் மந்திரவாதியே எல்லாவற்றையும் முடித்துவிட, வாளேந்திய பாத்திரத்தை எடுத்த பிள்ளை வெறுமனே வேடிக்கை பார்க்க நேரிடும் (பிறகு அவனைச் சமாதானப்படுத்துவது உங்கள் பாடு). கதைக்களம் பர்கூர் மலையாகவே இருக்கட்டும், விதிகளுக்கு அதனால் இடையூறில்லை. பாத்திரங்களை நீங்களே முன்கூட்டி எழுதி வைத்துவிட்டால் முதல் மாலையிலேயே ஆட்டம் தொடங்கிவிடும்.