போனில் திறந்தால் ஃபைல் கலைவது ஏன்?

கேள்வி: வேர்டு ஃபைலைப் போனில் திருத்தினால் வடிவம் குலைந்துவிடும் என்று பலர் இன்னும் பயப்படுகிறார்களே?

பதில்: பயத்துக்குப் பழைய காரணம் உண்டு. விண்டோஸ் சி.இ. என்ற மைக்ரோசாஃப்ட் இயங்குதளத்தில் ஓடிய கையடக்கக் கருவிகளுக்காக 1996-இல் வந்த பாக்கெட் வேர்டு, முழு வேர்டின் நிழல்தான். பின்னாளில் வந்த பாக்கெட் பிசி என்ற கையடக்கக் கருவியில், கணினியோடு அதை இணைக்கும் ஆக்டிவ்சிங்க் மென்பொருள் வழியாக ஏறும்போதே ஃபைல் வேறு வடிவத்துக்கு மாறும். அடிக்குறிப்பு போன்றவை அங்கேயே உதிரும். திரும்பக் கணினியில் இறக்கினாலும் போனது போனதுதான். பாம் என்ற போட்டிக் கையடக்கக் கருவிகளில் ஓடிய டாக்குமென்ட்ஸ் டு கோ மென்பொருள் கெட்டிக்காரத்தனமானது: மூலத்தைத் தொடாமல், திருத்தத்தை மட்டும் அதில் சேர்த்தது.

போனில் வேர்டு ஃபைல்களைத் திருத்த உதவிய குவிக்ஆபீஸ் செயலியை 2012-இல் கூகுள் வாங்கி, 2014-இல் மூடியது. மைக்ரோசாஃப்டின் சொந்த ஆபீஸ் செயலி ஐபோனுக்கு 2013-இலும் ஐபேடுக்கு 2014 மார்ச்சிலும்தான் வந்தது, ரொம்பத் தாமதம்!

இன்று பெரும்பாலும் தொல்லை எழுத்துருவால்தான். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அனுப்பும் முன் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றுங்கள். படிக்க மட்டும் என்றால் பி.டி.எஃப். போதும்.