டிரெயினிங், சர்ட்டிபிகேட், ப்ரமோஷன்: கேட்டதும் சொன்னதும்

பெரிய நிதி நிறுவனம் ஒன்றின் பயிற்சிப் பிரிவில் இருப்பவள் நான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: அக்கா, சேர்ந்த முதல் மாதமே ஏ.எம்.எல். (கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுத்தல்), தகவல் பாதுகாப்பு, நன்னடத்தை என்று வரிசையாக ஆன்லைன் பாடங்கள். எல்லோரும் ‘நெக்ஸ்ட்’ அமுக்கிக்கொண்டே போகிறார்கள். இதில் உருப்படியாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. பாதி கம்பெனிக்கு, பாதி உங்களுக்கு. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 1989-ல் அமைக்கப்பட்ட எஃப்.ஏ.டி.எஃப். என்ற பன்னாட்டு அமைப்பின் 18-ஆம் பரிந்துரையில், ஊழியர்களுக்குத் தொடர் பயிற்சி வேண்டும் என்பதும் அடக்கம். அதனால்தான் வருடா வருடம் வந்து நிற்கிறது. ஆடிட்டர் கேட்டால் காட்ட ரெக்கார்டு வேண்டுமே!

உங்கள் பாதிக்கு ஓர் உதாரணம். வாடிக்கையாளர் ஒருவர், அறிக்கை அனுப்ப வேண்டிய வரம்புக்குச் சற்றே கீழே வருகிற மாதிரி தொகையைப் பிரித்துப் பிரித்துக் கட்டுகிறார். இதற்கு ‘ஸ்ட்ரக்சரிங்’ என்று பெயர். பார்த்ததும் உள்ளே ரிப்போர்ட் செய்ய வேண்டும். “சார், உங்க கணக்கைப் பத்தி ரிப்போர்ட் போயிருக்கு” என்று அவர் காதில் போட்டுவிட்டால், பல நாடுகளில் அதுவே தனிக் குற்றம். பழகிய வாடிக்கையாளர் ஆயிற்றே என்று வாய்விட்டவர் மாட்டிக்கொள்வார். இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளவாவது பாடத்தைத் திறந்து பாருங்கள். சிஸ்டம் விட்டால் கடைசியில் உள்ள தேர்வை முதலில் எழுதிவிட்டு, தப்பான இடங்களை மட்டும் ஊன்றிப் படியுங்கள். நேரம் மிச்சம்.

கே: மேடம், சி.எஃப்.ஏ.வா, எஃப்.ஆர்.எம்.மா? நான் ஆபரேஷன்ஸில் இருக்கிறேன்.

எந்த நாற்காலிக்குப் போக ஆசை என்பதைச் சொல்லாமல் கேட்கிறீர்கள். சி.எஃப்.ஏ. முதலீட்டு ஆய்வுக்கானது. மூன்று நிலைகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 மணி நேரப் படிப்பு. பட்டயம் கையில் வர 4,000 மணி நேரத் தொடர்புடைய வேலை அனுபவமும் காட்ட வேண்டும். எஃப்.ஆர்.எம். ரிஸ்க் பக்கம் போகிறவர்களுக்கு. இரண்டு பகுதிகள், இரண்டு வருட அனுபவம். ஆபரேஷன்ஸிலேயே மேலே போக நினைத்தால் இரண்டுமே சுற்றுவழி.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் விரும்பும் பிரிவில் உங்களுக்கு இரண்டு படி மேலே இருப்பவர்கள் எதைப் படித்துவிட்டு அங்கே வந்தார்கள் என்று உள்ளுக்குள் விசாரியுங்கள். சர்ட்டிபிகேட் வாங்கினால் வேலை மாறும் என்று நம்பி, அதே சீட்டில் அதே ஃபைலோடு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர்.

கே: என் டீமை இரண்டு நாள் கடன் மதிப்பீட்டுப் பயிற்சிக்கு அனுப்பினேன். பயிற்சியாளர் பிரமாதம் என்றார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பழைய குறிப்பு, பழைய தப்பு. எங்கே கோளாறு?

அனுப்பியதோடு உங்கள் வேலை முடிந்தது என்று நினைத்ததில்தான் சார். மறதி எவ்வளவு வேகம் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து எழுதிவைத்தார். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இன்னும் பயனுள்ளது. ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழு முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். பயிற்சி முடிந்த கையோடு “நல்லா புரிஞ்சுது” என்று சொல்வதை ஏன் நம்பக் கூடாது என்பது இதிலேயே இருக்கிறது.

இப்படிச் செய்து பாருங்கள். வாராக்கடனாகிப்போன பழைய ஃபைல் ஒன்றை எடுங்கள். முடிவு எழுதிய பக்கத்தை உருவிவிட்டு, நிதிநிலை அறிக்கைகளை மட்டும் கொடுத்து, “நீங்களாக இருந்தால் கொடுப்பீர்களா? ஒரு பக்கம் எழுதுங்கள்” என்று சொல்லுங்கள். லாபம் ஏறுகிறது, ஆனால் வியாபாரத்திலிருந்து வரும் ரொக்கம் குறைகிறது, வசூலாக வேண்டிய பாக்கி வீங்குகிறது என்பதை யார் பிடித்தார்கள் என்று அப்போது தெரியும். பிறகு அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பயிற்சி முடிந்த முதல் வாரத்தில் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, போதும். இதை எங்கள் பிரிவு செய்ய முடியாது. எங்கள் கையில் ஃபைல் இல்லை. பயிற்சிக்குக் கிளம்பும் முன்பே “வந்ததும் இந்த ஃபைல் உங்களுக்கு” என்று மேனேஜர் சொல்லி அனுப்பிய ஆள் வகுப்பில் தூங்குவதில்லை.

கே: நானும் பயிற்சிப் பிரிவுதான். மேலிடம் ‘பலனைக் காட்டு’ என்கிறது.

ஃபீட்பேக் படிவத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பயிற்சியின் பலனை அளக்க கிர்க்பேட்ரிக் என்பவர் 1959-ல் சொன்ன நான்கு படிகளில் அது முதல் படி: பிடித்ததா என்பது. கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது என்பவை அடுத்த மூன்று. பயிற்சிக்கு முன்பே பிசினஸ் ஆட்களோடு உட்கார்ந்து ஓர் எண்ணைப் பேசி முடித்துவிடுங்கள். கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும்) ஃபைல்கள் குறையோடு எத்தனை திரும்புகின்றன என்பது மாதிரி.

டார்கெட்டும் போனஸும் எதிர்த்திசையில் இழுத்தால் நம் வகுப்பு நிற்காது. அதையும் மேலிடத்திடம் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்க வங்கியான வெல்ஸ் ஃபார்கோவில் 2016-ல் வெடித்ததே, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்குத் திறந்த விவகாரம்: 18.5 கோடி டாலர் அபராதம், வேலையிழந்த ஊழியர்கள் சுமார் 5,300 பேர். நன்னடத்தைப் பயிற்சி அங்கேயும் இருந்தது. விற்பனை டார்கெட் அதைவிடச் சத்தமாகப் பேசியது.

கே: 70:20:10 என்று சொல்லி, “வேலையிலேயே கத்துக்கோ, வகுப்பு வேண்டாம்” என்கிறார் மேனேஜர். சரியா?

மேலதிகாரிகளிடம் “எதிலிருந்து கற்றீர்கள்” என்று 1980-களில் கேட்ட ஆய்விலிருந்து திரட்டிய தோராயக் கணக்கு அது: வேலையில் 70 சதவீதம், மற்றவர்களிடமிருந்து 20, வகுப்பில் 10. விதி ஒன்றுமில்லை. 70 என்றால் அவர் உங்களுக்குப் புது வேலை கொடுத்து, பார்த்துத் திருத்த வேண்டும். கொடுக்கிறாரா என்று கேளுங்கள்.

கே: வயது 45. செட்டில்மென்ட் பிரிவில் (வர்த்தகம் முடிந்தபின் பணத்தையும் பத்திரத்தையும் கைமாற்றும் இடம்) வருடக்கணக்காக ரிகன்சிலியேஷன், அதாவது இரு பக்கக் கணக்கையும் ஒத்துப்பார்ப்பது. எல்லாம் ஆட்டோமேஷன் ஆகிறது. இனிமேல் என்ன கற்றுக்கொள்வது?

ஐயா, கணக்கு ஒத்துப்போகாத இடத்தில் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மோப்பம் பிடிக்கிற திறமை உங்களுடையது. அதை லேசாக எடைபோடாதீர்கள். 1995-ல் பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி கவிழ்ந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, சிங்கப்பூரில் அதன் ஊழியர் நிக் லீசன் வர்த்தகத்தையும் செட்டில்மென்ட்டையும் ஒருசேரக் கையில் வைத்திருந்ததுதான். 88888 என்ற கணக்கில் நஷ்டத்தை ஒளித்தார். உங்கள் சீட்டில் தனி ஆள் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டிருந்தால் 82.7 கோடி பவுண்டு போகும்வரை விட்டிருக்கமாட்டார்.

எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுக்கும் மொழி) அடிப்படை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். டேட்டாவை அடுத்தவரிடம் கேட்டு நிற்க வேண்டியிருக்காது. புது சிஸ்டம் வரும்போது யு.ஏ.டி. (பயன்படுத்தப் போகிறவர்களே சோதித்துப் பார்ப்பது) சோதனைக் குழுவில் உங்கள் பெயரை நீங்களே கொடுங்கள். எந்தெந்த விதிவிலக்கு வரும் என்பது சாஃப்ட்வேர் எழுதும் பிள்ளைகளுக்குத் தெரியாது.

கே: கம்பெனி கோர்ஸ் ஃபீஸ் கட்டுகிறது. இரண்டு வருடம் விலகக் கூடாதாம். கையெழுத்துப் போடலாமா?

போடலாம், நான்கு வரிகளைப் படித்துவிட்டு. இரண்டு வருடம் எந்தத் தேதியிலிருந்து, கோர்ஸ் தொடங்கிய நாளா முடிந்த நாளா? பாதியில் விலகினால் முழுத் தொகையா, மிச்ச மாதங்களுக்கு மட்டுமா? ஃபெயிலானால் யார் செலவு? அவர்களே உங்களை அனுப்பிவிட்டால்? கடைசிக் கேள்விக்குத் தாளில் பதில் இல்லையென்றால் ஹெச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.